மூலக்கோப்பு யாரிடம் இருக்கிறது?

2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு பிளாஷ் பிளேயர் என்ற மென்பொருளுக்கு அடோபி நிறுவனம் விடை கொடுத்தது. 2021 ஜனவரி 12ஆம் திகதி முதல், கணினிகளில் எஞ்சியிருந்த பிளேயர்களும் பிளாஷ் ஆக்கங்களை இயக்க மறுத்தன. இது சொல்லாமற் கொள்ளாமல் நடந்த காரியமன்று. 2017 ஜூலை மாதத்திலேயே நாள் குறித்துவிட்டார்கள். மூன்றரை ஆண்டு அவகாசமும் இருந்தது. இருந்தும் அந்த நாள் வந்தபோது, ஆயத்தமில்லாதிருந்த பக்கங்கள் உலகெங்கும் வெற்றுச் சதுரங்களாயின. தமிழ்ப் பக்கங்களும் அவற்றுள் அடங்கும்.

ஒரு மென்பொருளின் மறைவுக்குப் பத்திரிகைக்காரன் ஏன் கவலைப்பட வேண்டும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மென்பொருளுக்காக நான் வருந்தவில்லை. அது போனது நல்லதே. அதனுள் நாம் வைத்துப் பூட்டியிருந்தவை பற்றியே என் கவலை. பழைய தொழில்நுட்பத்திலிருந்து புதியதற்கு மாறுவது பொறியியலாளர்களின் திறமையைப் பொறுத்த விடயம் என்று பலரும் எண்ணுகிறார்கள். என் அனுபவம் வேறு. ஆக்கத்தின் மூலம் எவரிடம் இருக்கிறதோ அவர் எக்காலத்திலும் மாறிக்கொள்ளலாம். மூலம் இல்லாதவர், எத்தனை கெட்டிக்காரரை அமர்த்தினாலும் ஒரு பகுதியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

இளைய வாசகர்களுக்காகச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். தொண்ணூறுகளின் இணையப் பக்கம் பெரும்பாலும் எழுத்தும் படமும் மட்டுமே. அசைவு, ஒலி, தொட்டால் விரியும் வரைபடம், நிரப்பும்போதே கணக்குப் பார்க்கும் படிவம் ஆகியவற்றை உலாவியால் தனியே செய்ய இயலவில்லை. ஆகவே உலாவிக்குள் இன்னொரு மென்பொருளைச் செருகிவிட்டார்கள். 1995இல் ஜாவா அப்லெட் வந்தது. பிறகு பிளாஷ் வந்தது. 2002இல் மக்ரோமீடியா நிறுவனம் இவ்வகை ஆக்கங்களுக்குச் செறிவான இணையச் செயலிகள் என்ற பொருளில் ஒரு பெயரையும் சூட்டியது. 2004இல் அதே நிறுவனத்தின் பிளெக்ஸ், 2007இல் மைக்ரோசொப்ட்டின் சில்வர்லைட் என்று வரிசை நீண்டது. எல்லாமே உலாவியின் வீட்டில் தங்கிய விருந்தாளிகள். வீட்டுக்காரன் கதவைச் சாத்தினால் வெளியே நிற்க வேண்டியவை.

கதவும் சாத்தப்பட்டது. 2010 ஏப்ரலில் அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ், ஐபோனில் பிளாஷுக்கு ஏன் இடமில்லை என்று ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார். 2011 நவம்பரில் கைத்தொலைபேசிகளுக்கான பிளாஷை அடோபியே கைவிட்டது. 2014 ஒக்டோபரில் எச்டிஎம்எல் 5 முறையான தரமாக ஏற்கப்பட்டது; அசைவும் ஒலியும் உலாவியின் சொந்தத் திறன்களாயின. 2015இல் குரோம் உலாவி பழைய செருகுநிரல்களை நிறுத்தியது. அதனுடன் ஜாவா அப்லெட்டும் சில்வர்லைட்டும் அங்கே செயலிழந்தன. சில்வர்லைட்டுக்கான ஆதரவு 2021 ஒக்டோபரில் முடிந்தது. இவற்றுக்கெல்லாம் கடைசிப் புகலிடமாயிருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் 2022 ஜூனில் ஓய்வு பெற்றது. பாதுகாப்பு ஓட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டுக்கொண்டிருந்த மென்பொருள்கள் இவை. அவற்றைக் கைவிட்ட முடிவில் குற்றம் காண எனக்கு எதுவுமில்லை.

ஆனால் தமிழர்களாகிய நமக்குப் பிளாஷ் மீது மற்றவர்களுக்கு இல்லாத ஒரு தனிப்பற்று இருந்தது. அதற்குக் காரணம் எழுத்துரு.

இலங்கைப் பத்திரிகை அலுவலகங்களில் பாமினி எழுத்துரு கோலோச்சிய காலம் அது. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால், கணினி அதை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே சேமிக்கும். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவங்களைப் போர்த்தும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்த வாசகர் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வோர் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டியிருந்தது இதனாற்றான். பிளாஷ் இந்தத் தொல்லையைத் தீர்த்தது. எழுத்தின் உருவங்களை ஆக்கத்தினுள்ளேயே பொதித்து அனுப்பலாம். வாசகர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. மறுபுறம், 2008இல் பத்தாம் பதிப்பு வரும்வரை யூனிகோட் தமிழை ஒழுங்காகக் கோக்கப் பிளாஷுக்குத் தெரியாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். ஆகவே உலகம் யூனிகோட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், பிளாஷில் வேலை செய்த நம்மவர்கள் பாமினியிலேயே தங்கினார்கள். விளைவு, ஒரே பெட்டிக்கு இரண்டு பூட்டுகள். ஒன்று செருகுநிரல். மற்றொன்று எழுத்துரு.

இந்த இரட்டைப் பூட்டின் பொருள் எனக்கு விளங்கியது ஒரு வேலையின்போது. ஆழிப்பேரலையின் ஓராண்டு நினைவாக 2005 டிசம்பரில், நான் அப்போது பணியாற்றிய நாளிதழ் ஒரு பிளாஷ் ஆக்கத்தை வெளியிட்டது. வெளி நிறுவனம் ஒன்று செய்து கொடுத்தது. கிழக்குக் கரையின் வரைபடம். நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர் என்று ஊர்ப்பெயர்களைத் தொட்டால் அவ்வூரில் மாண்டவர்களின் பெயர்களும், கிடைத்த ஒளிப்படங்களும் விரியும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய எல்லோருடைய பெயர்களும் அதில் இருந்தன. இலங்கையில் இறந்தோரும் காணாமற் போனோருமாக 35,000க்கும் அதிகமானோர் என்று அறிக்கைகள் எண்ணாகச் சொன்னதை, எமது செய்தியாளர்கள் ஊர் ஊராகச் சென்று பெயராகத் திரட்டியிருந்தார்கள். வெளிநாடுகளிலிருந்து உறவினர்கள் பல ஆண்டுகள் அதைத் திறந்து பார்த்தார்கள்.

பிளாஷின் முடிவு நெருங்கிய 2019இல் அதைப் புதிய முறைக்கு மாற்ற முயன்றோம். செய்து கொடுத்த நிறுவனம் மூடப்பட்டு நெடுநாளாகியிருந்தது. நண்பரின் மகன் ஒருவர், கொழும்பில் மென்பொருள் பொறியியலாளர், உதவ முன்வந்தார். அவர் கேட்ட முதற் கேள்வி, “சோர்ஸ் ஃபைல் இருக்கா மாமா?” என்பதே.

அது இல்லை. எஸ்டபிள்யூஎப் என்ற இறுதிக் கோப்பு மட்டுமே அலுவலகத்தில் இருந்தது. பிளாஷ் ஆக்கத்தை உருவாக்குபவர் திருத்தி வேலை செய்யும் கோப்பு எப்எல்ஏ என்பது. அதைக் கட்டி மூடி வாசகருக்கு அனுப்புவது எஸ்டபிள்யூஎப். முன்னது கையில் இருந்தால், பிளாஷின் இன்றைய வாரிசான அடோபி அனிமேட்டில் திறந்து எச்டிஎம்எல் 5 வடிவில் பெருமளவு வெளியே எடுக்கலாம். இயக்கக் கட்டளைகளை மட்டும் ஜாவாஸ்கிரிப்டில் திரும்ப எழுத வேண்டும். பின்னது மட்டும் இருந்தால், கட்டியதைப் பிரிக்கும் மென்பொருள்களின் துணையோடு துண்டு துண்டாகத்தான் எடுக்க இயலும்.

அந்த இளைஞர் இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டார். “எழுத்தாக இருந்ததெல்லாம் வந்திட்டுது மாமா. கோடாக இருந்தது வரேல்லை” என்றார். ஆக்கத்தை வடிவமைத்தவர் சில ஊர்களின் பட்டியல்களை அழகுக்காக எழுத்து நிலையிலிருந்து பிரித்து வெறும் கோட்டுருவங்களாக மாற்றியிருந்தார். கண்ணுக்குப் பெயர், கணினிக்கு அது வளைகோடுகளின் கூட்டம். ஒளிப்படங்களும் தபால் தலை அளவுக்குச் சுருக்கப்பட்ட நிலையிலேயே கிடைத்தன.

மீண்ட பெயர்களைப் பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றினோம். அங்கும் ஒரு வேடிக்கை காத்திருந்தது. பாமினியில் ‘இ’ என்ற எழுத்து உட்கார்ந்திருப்பது ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில். கணினியின் கணக்கில் ‘இலங்கை’ என்ற சொல்லே காற்புள்ளியில்தான் தொடங்குகிறது. பட்டியலில் பெயருக்கும் வயதுக்கும் இடையே ஆங்கில எழுத்துருவில் இடப்பட்டிருந்த காற்புள்ளிகள் எல்லாம், மாற்றியபோது ‘இ’ ஆகிவிட்டன. ஒவ்வோர் இறந்தவரின் பெயருக்குப் பின்னாலும் ஒரு ‘இ’ தொங்கியது. ஓய்வு பெற்றிருந்த ஒப்புநோக்குநர் ஒருவரை அழைத்து, வரி வரியாகப் படித்துத் திருத்தினோம். கோடாகிப் போன ஊர்களின் பெயர்களை அன்று அச்சில் வந்த சிறப்பிதழைப் பார்த்து மீண்டும் தட்டச்சிட்டோம். பதினான்கு ஆண்டு பழைய செய்தித்தாள், அதைவிட நவீனமானது என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்ட ஆக்கத்தைக் காப்பாற்றியது. இணையத்துக்கென்று மட்டும் திரட்டி அச்சில் வராத பெயர்கள் அந்தக் கோட்டுருவங்களில் இருந்தன. பூதக்கண்ணாடியால் பார்த்துப் படிக்க முடிந்தவற்றைச் சேர்த்தோம். மற்றவை இல்லை.

இதற்கு நேர்மாறான உதாரணங்கள் தமிழிலேயே உண்டு. மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில், உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சிட்டுச் சேர்த்தார்கள். முதலில் மயிலை எழுத்துரு, பின்னர் திஸ்கி குறியேற்றம், அதன்பின் யூனிகோட் என்று அத்திட்டம் இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நூல்கள் தொலையவில்லை. அவர்கள் சேமித்தது எளிய உரை. உரையை ஒரு குறியேற்றத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது அட்டவணை வைத்துச் செய்யக்கூடிய வேலை. அந்த அட்டவணைகளைப் பொதுச்சொத்தாக்கியவர்களுள் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் சுரதாவை மறக்கலாகாது. அவருடைய ‘பொங்கு தமிழ்’ மாற்றியில் ஒரு பெட்டியில் பாமினியை ஒட்டி, மறு பெட்டியில் யூனிகோட்டை எடுத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். வலைப்பதிவுகள் பெருகிய காலத்தில் தமிழ் எழுதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் அவ்வாறே. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நாளிதழ்களையும் மின்வருடி, எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய கோப்புகளாக வைத்திருக்கிறது. பகட்டு இல்லை. பக்கம் புரளும் ஓசை இல்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின்பும் திறக்கிறது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குத் திருகோணமலையிலேயே காரணம் இருக்கிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, இந்நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். தங்களிடமிருந்த கைக்குண்டு வெடித்தே அவர்கள் மாண்டதாகப் படைத்தரப்பு முதலில் கூறியது. ‘சுடர் ஒளி’ நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த ஒளிப்படங்களோ அவ்வுடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அவை பத்திரிகையில் வெளிவந்தன. அதே மாதம் 24ஆம் திகதி சுகிர்தராஜன் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் சந்தேகநபர்களான விசேட அதிரடிப் படையினர் உள்ளிட்ட 13 பேரைப் போதிய சான்று இல்லை என்று 2019 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்தது. சான்று என்ற சொல்லின் எடை இவ்வூர்ப் பத்திரிகையாளர்களுக்குத் தெரியும். எவரும் திறந்து பார்க்கக்கூடிய ஓர் ஒளிப்படம் இங்கே உயிரை விலையாகக் கேட்டது. அந்த ஆண்டுகளின் செய்திகளையும் படங்களையும் ஒரு வணிக நிறுவனத்தின் செருகுநிரலை நம்பி வைப்பது, அவற்றைச் சேகரித்தவர்களுக்கு நாம் செய்யும் நன்றியன்று.

பொறியியல் நண்பர்கள் இங்கே ஒரு மறுப்புச் சொல்வார்கள். பழைய பிளாஷ் ஆக்கங்களைத் திரும்ப எழுதவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். ரஃபிள் போன்ற போலிய மென்பொருள்கள் வந்துவிட்டனவே என்பார்கள். உண்மைதான். ரஃபிள், செருகுநிரல் எதுவுமின்றி இன்றைய உலாவியிலேயே பழைய பிளாஷ் கோப்புகளை இயக்குகிறது. இணைய ஆவணகம் 2020 நவம்பர் முதல் அதைக் கொண்டு ஆயிரக்கணக்கான விளையாட்டுகளையும் அசைபடங்களையும் மீண்டும் ஓடவிட்டிருக்கிறது. அது அரிய தொண்டு. ஆயினும் போலி இயக்கம் காட்சியை மட்டுமே மீட்கும். பெட்டிக்குள் இருக்கும் பாமினி பாமினியாகவே கிடக்கும். கனடாவில் பிறந்த பேரன் தன் பாட்டியின் பெயரை யூனிகோட்டில் தட்டித் தேடினால் அது அகப்படாது. முதற்பூட்டு திறந்தது, இரண்டாவது திறக்கவில்லை. காட்சிக்குப் போலிய மென்பொருள் போதும். தேடவும் மேற்கோள் காட்டவும் சான்றாக எடுத்து வைக்கவும் உரை வேண்டும்.

அரசுகளும் இதில் திணறாமலில்லை. தென்னாபிரிக்காவின் வருமான வரித் திணைக்களம், தன் படிவங்கள் சிலவற்றை உரிய காலத்தில் மாற்றி முடிக்காததால், 2021 ஜனவரியில் பிளாஷ் இயங்கும் தனி உலாவி ஒன்றையே வெளியிட்டு மக்களுக்குக் கொடுத்தது. உலகம் பாதுகாப்பில்லை என்று ஒதுக்கியதை வரி செலுத்துவோர் தம் கணினியில் புதிதாக நிறுவிக்கொள்ள வேண்டியதாயிற்று. தென்கொரியாவில் வங்கிக் கணக்குப் பார்ப்பதற்கும் மைக்ரோசொப்ட்டின் அக்டிவ்எக்ஸ் செருகுநிரல் வேண்டும் என்ற நிலை பல்லாண்டு நீடித்தது. வேறு உலாவிக்கு மாற விரும்பியவரும் மாற இயலாமற் கட்டுண்டு கிடந்தார்.

நான் இருக்கும் லிங்கநகர் துறைமுகத்தை அண்டிய பகுதி. இங்குள்ள சுங்க முகவர்கள் அனைவரும் அறிந்த பெயர் அசிகுடா வேர்ல்ட். ஐக்கிய நாடுகளின் வர்த்தக அபிவிருத்தி அமைப்பு உருவாக்கி, இலங்கைச் சுங்கமும் வேறு பல நாடுகளும் கையாளும் முறைமை அது. ஜாவாவில் எழுதப்பட்டது. இணையத்திலிருந்து ஜாவா நிரல்களைத் தொடங்கி வைக்கும் வெப் ஸ்டார்ட் என்ற வழி, 2018இல் ஜாவாவின் 11ஆம் பதிப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதனால் ஒரு சரக்குப் பத்திரமும் மறைந்துவிடவில்லை. ஏனெனில் பத்திரத்தின் தரவு தரவுத்தளத்தில் தனியே இருக்கிறது. முகவர் திரையில் பார்ப்பது அதன் ஒரு தோற்றம் மட்டுமே. தோற்றத்தை மாற்றலாம். எள்ளும் கொள்ளும் ஏற்றிய கணக்குக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்கிறது. இறந்தவர்களின் பட்டியலுக்கு இல்லாமற் போனது.

இலங்கை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழியும் பொதுப் பதிவேடுகளைப் பேணும் மொழியும் தமிழ். பதிவேடு காகிதத்திலிருந்து திரைக்கு மாறினால் இந்தக் கடமை மறைந்துவிடுமா? நடைமுறையில் நான் காண்பது, ஓர் அலுவலகத்தின் இணையத்தளம் புதிய தொழில்நுட்பத்துக்கு மாற்றப்படும்போதெல்லாம் ஆங்கிலமும் சிங்களமும் முதல்நாளே வந்துவிடுகின்றன. தமிழ்ப் பக்கத்தில் ‘விரைவில்’ என்ற அறிவிப்பு. பழைய தளத்தில் இருந்த தமிழ் அறிவித்தல்கள், ஏதோவோர் எழுத்துருவில் இருந்தபடியால், மாற்றுவது கடினம் என்று கைவிடப்படுகின்றன. கேட்டால் தொழில்நுட்பச் சிக்கல் என்கிறார்கள். சிக்கல் உண்டுதான், தீர்க்கும் அட்டவணைகளும் இருபது ஆண்டுகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. இதைத் தொழில்நுட்பத்தின் தலையில் கட்டிவிட்டு மொழியுரிமைக் கேள்வியிலிருந்து தப்பிக்க எந்த அலுவலகத்தையும் விடலாகாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் நம் கையில் இருக்கிறது. “பழைய தளத்தின் தமிழ்ப் பதிவுகள் எங்கே?” என்று எழுத்தில் கேளுங்கள்.

பத்திரிகை முதலாளிகளுக்கும் பொது நிறுவனங்களுக்கும் நான் முன்வைக்கும் யோசனைகள் சில. வெளியாரிடம் வேலை கொடுக்கும்போது, மூலக்கோப்புகளை ஒப்படைத்த பின்னரே இறுதிக் கொடுப்பனவு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உரையை யூனிகோட்டிலும், ஒளிப்படங்களைச் சுருக்காத அளவிலும், காட்சியிலிருந்து பிரித்துத் தனியே வாங்கி வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, செய்து கொடுத்த நிறுவனத்தின் உதவியின்றி அவற்றை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்கவில்லையானால் அந்த நிறுவனம் இருக்கும்போதே கேட்டுச் சரிசெய்யலாம். ஒரு படியை உங்கள் கூரைக்கு வெளியே, நூலகம் போன்ற ஓர் இடத்தில் வையுங்கள். 1981இல் யாழ்ப்பாணத்தில் ஒரே கட்டடத்தில் இருந்தவற்றை நாம் என்ன விலை கொடுத்து இழந்தோம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பிளாஷ் போய்விட்டது, இனி இந்தத் தொல்லை இல்லை என்று எண்ணுபவர்கள் தங்கள் கைத்தொலைபேசியைப் பார்க்கட்டும். இன்று சிறு பத்திரிகைகள் பலவும் செய்தியை முகநூலில் மட்டுமே இடுகின்றன. மின்னிதழ்களை வாடகைத் தளங்களில் ஏற்றுகின்றன. வாடகை நின்றால் இதழ் எங்கே போகும்? முகநூல் தன் கொள்கையை மாற்றிக்கொண்டால் பத்தாண்டுச் செய்தி எங்கே தேடுவது? இன்றைய செயலியும் ஒருவர் வீட்டு விருந்தாளிதான்.

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் வாசகர்களுக்குத் தனியாக ஒன்று. 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில், தமிழ்ப் பாடசாலைகளும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் மன்றங்களும் எத்தனையோ பல்லூடக இறுவட்டுகளை வெளியிட்டன. ஊர் வரலாறு, கோயில் மலர், சிறுவர் பாடம், மறைந்த ஆசிரியரின் குரல் என்று பலவும் அவற்றில் இருக்கின்றன. திறக்கவில்லை என்பதற்காக அவற்றை வீசிவிடாதீர்கள். செய்து கொடுத்தவர் உயிரோடிருந்தால் தொலைபேசியில் அழைத்து, மூலக்கோப்பு அவருடைய பழைய கணினியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இறுவட்டுகளும் சில காலத்தில் பழுதாகும். அதற்குமுன் வேறொரு வட்டில் படியெடுத்துக்கொள்ளுங்கள். பூட்டைத் திறக்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். பெட்டியைக் கையில் வைத்திருக்க வேண்டியவர்கள் நாம்.